15 சதவீதக் கடிவாளம்: மெக்சிகோவுக்குப் போன மெரிடா உதவியும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கண்காணிப்பும்

2007 மார்ச்சில் மெக்சிகோவின் மெரிடா நகரில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் மெக்சிகோ அதிபர் ஃபெலிப்பே கால்டெரோனும் சந்தித்தார்கள். போதைக் கும்பல்களை ஒடுக்க அமெரிக்கா என்ன தரும் என்ற பேரம் அங்கே தொடங்கியது. அக்டோபர் 22 அன்று, அந்த நகரின் பெயரையே தாங்கிய மெரிடா திட்டம் வெளியே வந்தது. மூன்றாண்டுகளில் 140 கோடி டாலர் தருவது, முதல் தவணையாக மெக்சிகோவுக்கு 50 கோடி, மத்திய அமெரிக்க நாடுகளுக்கு 5 கோடி. பேசியது இரண்டு நிர்வாகங்கள் மட்டுமே. பணத்தை ஒதுக்க வேண்டிய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள், தங்களிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை என்று குறைப்பட்டார்கள். மெக்சிகோ செனட்டுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை. பன்னாட்டு உடன்படிக்கையாக எழுதாமல் அரசுகளுக்கிடையேயான ஏற்பாடாக வைத்துக்கொண்டதால், அது செனட்டின் ஒப்புதலுக்கே போகவில்லை.

ஆகவே கண்காணிப்பு என்ற பாரம் முழுவதும் ஒரே இடத்தில் விழுந்தது: அமெரிக்க நாடாளுமன்றத்தின் நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுக்கள். அவர்கள் கையில் இருந்த கருவி, அது பிடித்த இடம், நழுவிய இடம் ஆகியவற்றைப் பார்ப்பதே இந்த ஆய்வு. பத்தாண்டுக்கு மேல் ஓடிய திட்டம். 2021 வரை ஒதுக்கப்பட்டது சுமார் 330 கோடி டாலர். இதிலிருந்து படிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேள்வி எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவுதான் பதில் கிடைத்தது. கேட்காத கேள்விக்குப் பதில் வரவே இல்லை.

முன்கதை: பறக்காத ஹூயிகள்

மெரிடாவுக்குப் பத்தாண்டு முன்பே ஒரு பாடம் நடந்து முடிந்திருந்தது. 1996, 97ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா தன் உபரிக் கையிருப்பிலிருந்து 73 யூஎச்-1எச் ரக ஹெலிகாப்டர்களை, அதாவது வியட்நாம் போர்க்காலத்து ஹூயிகளை, மெக்சிகோ ராணுவத்துக்குக் கொடுத்தது. கசகசாச் செடிகளை அழிக்க அவை பறக்க வேண்டும். செடி வளர்வதோ உயர்ந்த மலைச்சரிவுகளில். சுமார் 5,000 அடிக்கு மேல் இந்த வண்டிகள் சரியாக வேலை செய்யாது. உதிரிபாகமும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. 1998இல் தரையில் நின்றன, 1999இல் மெக்சிகோ அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதே காலத்தில் விற்ற இரண்டு நாக்ஸ் ரகப் போர்க்கப்பல்களில் மாலுமிகளின் பாதுகாப்புக்கு வேண்டிய சாதனங்கள்கூட முழுமையாக இல்லை. நாடாளுமன்றத்தின் தணிக்கைப் பிரிவான அரசாங்கக் கணக்கு அலுவலகம் 1998இல் இதையெல்லாம் எழுதி வைத்தது.

தளவாடம் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இயந்திரத்தின் விலை ஒருமுறைச் செலவு. உதிரிபாகம், எரிபொருள், விமானி, பழுது பார்ப்பவர் ஆகியோருக்கான செலவு வருடா வருடம் வரும். அதை யார் தாங்குவது என்று ஒதுக்கீட்டுச் சட்டம் கேட்காவிட்டால், ஹெலிகாப்டர் கொட்டகைக்குள்தான் நிற்கும்.

அந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1997 பிப்ரவரியில் மெக்சிகோவின் போதை ஒழிப்புத் தலைவர் ஜெனரல் ஹெசூஸ் குட்டியெரெஸ் ரெபோயோ, கும்பலிடம் பணம் வாங்கியதாகக் கைதானார். சில வாரங்களுக்கு முன்னால்தான் வாஷிங்டன் அவரைப் பாராட்டியிருந்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதே கதைக்குத் திரும்பி வருவோம்.

2008 ஜூன்: நிபந்தனை எழுதப்பட்ட விதம்

2008 ஜூன் 30 அன்று கையெழுத்தான துணை ஒதுக்கீட்டுச் சட்டத்தில் மெக்சிகோவுக்கு 40 கோடி டாலர் கிடைத்தது. இதில் 35.2 கோடி அந்த ஆண்டுக் கணக்கு, 4.8 கோடி அடுத்த ஆண்டுக்கான முன்பணம். அந்த 35.2 கோடி மூன்று பைகளிலிருந்து வந்தது: போதை ஒழிப்பு மற்றும் சட்ட அமலாக்க நிதி 21.55 கோடி, ராணுவத் தளவாட நிதி 11.65 கோடி, பொருளாதார ஆதரவு நிதி 2 கோடி. பை வேறானால் விதியும் வேறு, கேள்வி கேட்கும் குழுவும் வேறு. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் முதலில் பையைத்தான் பார்ப்பார்கள், தொகையைப் பிறகுதான்.

நாடாளுமன்றம் இரண்டு வேலிகளை நேரடியாகப் போட்டது. மெக்சிகோ அரசின் கருவூலத்துக்கு ரொக்கமாக எதுவும் போகக்கூடாது. பொருளாகவும் பயிற்சியாகவும் மட்டுமே போக வேண்டும். 7.35 கோடி டாலருக்குக் குறையாமல் நீதித்துறைச் சீர்திருத்தம், ஊழல் தடுப்பு, சட்டத்தின் ஆட்சி ஆகியவற்றுக்குச் செலவாக வேண்டும்.

மூன்றாவது வேலிதான் பேர் வாங்கியது. முதல் இரண்டு பைகளிலும் 15 சதவீதத்தை நிறுத்தி வைப்பது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் நான்கு விஷயங்களில் எழுத்துப்பூர்வமாக அறிக்கை தந்த பிறகே அதை விடுவிப்பது. மத்தியக் காவல் படைகளின் வெளிப்படைத்தன்மையும் பொறுப்புடைமையும் மேம்படுகின்றனவா? மனித உரிமை அமைப்புகளோடு ஒழுங்காகக் கலந்து பேசும் ஏற்பாடு இருக்கிறதா? உரிமை மீறல் குற்றச்சாட்டுக்கு உள்ளான போலீஸ்காரர்களையும் சிப்பாய்களையும் ராணுவ நீதிமன்றம் அல்லாத குடிமை வழக்கறிஞர்கள் விசாரிக்கிறார்களா? சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலத்தைப் பயன்படுத்தக்கூடாது என்ற தடை நடைமுறையில் இருக்கிறதா?

இந்த வாசகத்துக்குப் பின்னால் பெரிய இழுபறி இருந்தது. முதலில் பேசப்பட்டது 25 சதவீதம். அமைச்சர் 'சான்றளிக்க' வேண்டும் என்ற தொனி. மெக்சிகோ வெளிப்படையாக எதிர்த்தது. அதற்குக் காரணம் பழைய காயம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு வருடமும் அமெரிக்கா மெக்சிகோவுக்குப் போதை ஒழிப்பில் தேர்ச்சிச் சான்று தந்துகொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைக்கு மார்க் போடுவதுபோல என்று மெக்சிகோவில் எல்லாக் கட்சிகளுக்கும் அதன்மேல் கோபம். அதனால் 25 என்பது 15 ஆனது, சான்று என்பது அறிக்கை ஆனது.

சான்றுக்கும் அறிக்கைக்கும் என்ன வித்தியாசம்? சான்று என்றால் அமைச்சர் 'நிபந்தனை நிறைவேறியது' என்று தன் பெயரில் உறுதி கூற வேண்டும். அறிக்கை என்றால் 'முன்னேற்றம் இருக்கிறது' என்று எழுதி, நடந்தவற்றை அடுக்கினால் போதும். சட்ட வாசகத்தில் ஒரு வினைச்சொல் மாறினால் அதிகாரியின் மேசையில் வேலையே மாறிவிடும்.

நிறுத்தி வைக்கும் அதிகாரம் உண்மையில் எங்கே இருக்கிறது

அமெரிக்க ஏற்பாட்டில் இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அறிக்கையை ஏற்கவோ நிராகரிக்கவோ குழுத் தலைவருக்குச் சட்டப்படி அதிகாரம் கிடையாது. 1983இல் சாதா (Chadha) என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு சபையோ ஒரு குழுவோ தனியாக நின்று நிர்வாகத்தின் முடிவை ரத்து செய்வது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. ஆகவே சட்டம் 'தெரிவி' என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

நடைமுறை வேறு. பணத்தைச் செலவுக்கு ஒப்படைக்கும் முன் துறை குழுக்களுக்கு 15 நாள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த இடைவெளியில் தலைவரோ எதிர்க்கட்சி மூத்த உறுப்பினரோ 'கொஞ்சம் நில்லுங்கள்' என்று சொன்னால் துறை நின்றுவிடும். சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, அடுத்த ஆண்டு பட்ஜெட்டும் அதே மேசை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் நிற்கிறது. எழுதாத இந்த வழக்கம்தான் எழுதிய சட்டத்தைவிட அதிகம் வேலை செய்தது.

2009 ஆகஸ்ட் தொடக்கத்தில் இது கண்ணெதிரே நடந்தது. துணைக்குழுத் தலைவர் செனட்டர் பேட்ரிக் லீஹி, வெளியுறவுத் துறை காட்டிய அறிக்கை வரைவு போதாது என்று தடுத்தார். ராணுவத்தின் மீதான புகார்கள் அப்போது எகிறிக்கொண்டிருந்தன. மெக்சிகோவின் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மீது 2006இல் வந்தவை 182 புகார்கள், 2008இல் 1,230, 2009இல் 1,791. இவற்றில் வழக்கானவையும் ராணுவ நீதிமன்றத்துக்குள் போய் மறைந்துகொண்டிருந்தன. ஆனாலும் அதே மாதத்தில் அறிக்கை வந்தது, பணமும் விடுவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டுதான் கடிவாளம் கொஞ்சம் இறுகியது. 2010 செப்டம்பரில் வெளியுறவுத் துறை சுமார் 3.6 கோடி டாலரை விடுவிப்பதாகவும், புதிய ஒதுக்கீட்டிலிருந்து சுமார் 2.6 கோடியைத் தானே நிறுத்தி வைப்பதாகவும் சொன்னது. காரணமாகக் காட்டியது இரண்டே விஷயங்கள்: மனித உரிமை ஆணையத்துக்கு வலுவூட்டும் சட்டம், ராணுவ நீதிச் சட்டத் திருத்தம். இந்த வழக்கு முழுவதிலும் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'பொறுப்புடைமை மேம்பட வேண்டும்' என்ற பொத்தாம்பொதுவான பேச்சு போய், இந்தத் தொகைக்கு இந்த மசோதா என்று நேராக வந்தது. 2011 ஜூனில் மெக்சிகோ மனித உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. குடிமக்கள் பாதிக்கப்பட்ட வழக்குகளைக் குடிமை நீதிமன்றத்துக்கு மாற்றும் ராணுவச் சட்டத் திருத்தம் 2014இல்தான் நிறைவேறியது. இதற்கு அமெரிக்கப் பணம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். 2009 நவம்பரில் ரதீயா பச்சேகோ வழக்கில் அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் தந்த தீர்ப்பும், 2011இல் மெக்சிகோ உச்ச நீதிமன்றம் எடுத்த நிலையும், அந்நாட்டுப் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பல்லாண்டுப் போராட்டமும்தான் அடித்தளம். நிறுத்தி வைத்த 2.6 கோடி அதோடு சேர்ந்து ஒரே திசையில் தள்ளியது.

பட்டாலியனைச் சோதிப்பது: லீஹி சட்டம்

நாம் பார்த்த 15 சதவீத விதி மெக்சிகோவுக்கென்று எழுதப்பட்டது. அதன் அடியில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான லீஹி சட்டம் இருக்கிறது. 1997இல் போதை ஒழிப்பு நிதிக்கு மட்டும் தொடங்கிப் பிறகு விரிந்தது. கொடூரமான உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தக்க தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி கூடாது. இலங்கை விஷயத்தைப் பின்தொடர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். 2007 டிசம்பரில் நிறைவேறிய ஒதுக்கீட்டுச் சட்டம் இலங்கைக்கான ராணுவ உதவிக்கும் தனியாக நிபந்தனை போட்டது.

சோதனை நடக்கும் விதம் இது. பயிற்சிக்கு ஆள் வருகிறார் என்றால் தூதரகம் அவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி, பதவி, படைப்பிரிவு ஆகியவற்றை வாங்கும். விசா பிரிவு, போதை ஒழிப்புப் பிரிவு, அரசியல் பிரிவு என்று உள்ளூர்க் கோப்புகளில் தேடும். பிறகு வாஷிங்டனில் மண்டலப் பிரிவும் மனித உரிமைப் பிரிவும் பார்க்கும். 2010 முதல் இது கணினி வழியாகப் போகிறது. ஆளோடு சேர்த்து அவருடைய பிரிவும் சோதிக்கப்படும். தளவாடம் என்றால் பிரிவு மட்டும்.

மெக்சிகோவில் இது தடுக்கி விழுந்தது 'பிரிவு' என்ற சொல்லில்தான். சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாய் முகமூடி போட்டிருக்கிறார். புகார் தரும் தாய்க்குத் தெரிந்ததெல்லாம் 'பச்சை உடுப்புக்காரர்கள், ஒரு லாரி' என்பதுதான். எந்தப் பட்டாலியன் என்று அவர் எப்படிச் சொல்வார்? பிரிவுகள் சுழற்சியில் மாநிலம் மாநிலமாகப் போகின்றன. புகாரில் பிரிவின் பெயர் இல்லாவிட்டால் கோப்பில் ஒட்டாது. ஒட்டாவிட்டால் அந்தப் பிரிவு 'சுத்தம்'. இன்னொரு ஓட்டை, பொருளை அமைச்சகத்தின் பொதுக் கிடங்குக்குக் கொடுத்துவிடுவது. அங்கிருந்து எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று தெரியாத நிலையில், சோதிக்கப் பிரிவே இல்லை. ஒப்படைக்கும் ஆவணத்தில் பெறும் பிரிவின் பெயரும் ஒவ்வொரு பொருளின் வரிசை எண்ணும் இல்லாமல் அனுப்பினால், லீஹி சட்டம் பேப்பரில் மட்டும்தான் இருக்கும்.

பணம் ஒதுங்கியது, பொருள் வரவில்லை

கண்காணிப்பால்தான் தாமதம் என்று நிர்வாகத் தரப்பு அடிக்கடி சொன்னது. எண்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 2009 செப்டம்பர் இறுதியில் ஒதுக்கியது 132 கோடி, ஒப்பந்தமாகக் கட்டியது 83 கோடி, உண்மையில் செலவானது வெறும் 2.6 கோடி. அதாவது 2 சதவீதம். 2010 மார்ச்சிலும் 160 கோடியில் செலவானது 9 சதவீதம்தான். நிறுத்தி வைத்ததோ அதிகபட்சம் 15 சதவீதம். மீதி 85க்கு எந்தத் தடையும் இல்லை.

கணக்கு அலுவலகம் கண்ட காரணங்கள் வேறு: மெக்சிகோ நகரத் தூதரகத்தில் போதிய ஆள் இல்லை, அமெரிக்கக் கொள்முதல் விதிகள் நீளம், இரு அரசுகளும் கையெழுத்திட வேண்டிய ஒப்புக்கடிதம் 2008 டிசம்பர் 3 அன்றுதான் முடிந்தது. ஹெலிகாப்டர் கடையில் தயாராக இருக்கும் பொருள் அல்ல, ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும். ராணுவத்துக்கு 5 பெல் ஹெலிகாப்டர்கள் 2009 டிசம்பரில் வந்தன. மத்தியக் காவல்படைக்கு 3 பிளாக் ஹாக்குகள் 2010 நவம்பரில்.

2010 ஜூலை அறிக்கையில் அலுவலகம் இன்னொன்றையும் சுட்டியது. துறை எண்ணிக்கொண்டிருந்தது கொடுத்த பொருள்களை. எத்தனை வண்டி, எத்தனை பேருக்குப் பயிற்சி. பயிற்சி பெற்றவர்கள் ஒரு வருடம் கழித்து அந்த வேலையில் இருக்கிறார்களா, வழக்குகள் தண்டனை வரை போகின்றனவா என்பதை அளக்கும் அளவுகோலே இல்லை. பத்தாண்டு கழித்து 2020இல் வந்த அறிக்கையும் வெளியுறவுத் துறையின் திட்டக் கண்காணிப்பைக் குறை சொன்னது.

கடிவாளத்துக்கு வெளியே ஓடிய குதிரைகள்

2014 ஜூன் 30 அன்று மெக்சிகோ மாநிலத்தின் தலத்லாயாவில் ராணுவத்தின் நடவடிக்கையில் 22 பேர் இறந்தார்கள். செப்டம்பர் 26 இரவு குவெர்ரெரோ மாநிலத்தில் அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் 43 மாணவர்கள் காணாமல் போனார்கள். இதற்குப் பிறகு, 2015 அக்டோபரில், 15 சதவீத அறிக்கையைத் தர முடியவில்லை என்று வெளியுறவுத் துறை முடிவு செய்தது. நிறுத்தி வைத்திருந்த சுமார் 50 லட்சம் டாலர் பெருவுக்குத் திருப்பி விடப்பட்டது. விதி தன் வேலையைச் செய்த தருணம் என்று பலரும் வரவேற்றார்கள். நாங்களும் அதைச் சிறுமைப்படுத்தவில்லை.

ஆனால் அருகில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். 2014 ஏப்ரலில் மெக்சிகோவுக்கு 18 பிளாக் ஹாக்குகள் விற்க 68 கோடி டாலர் மதிப்பில் அறிவிப்பு போயிருந்தது. மே மாதம் 3,335 ஹம்வி வண்டிகளுக்கு 55.6 கோடி. இரண்டும் சேர்ந்து அதிகபட்ச மதிப்பு 123.6 கோடி. இவை உதவி அல்ல, மெக்சிகோ தன் சொந்தப் பணத்தில் வாங்குவது. ஆகவே 15 சதவீத விதியும் பொருந்தாது, லீஹி சட்டமும் பொருந்தாது. நாடாளுமன்றத்துக்கு அறிவிப்பு வரும். தடுக்க வேண்டுமானால் இரு சபைகளும் தீர்மானம் போட்டு, அதிபரின் மறுப்பையும் தாண்ட வேண்டும். பாதுகாப்புத் துறை தன் பட்ஜெட்டில் மெக்சிகோ வீரர்களுக்குத் தந்த போதை ஒழிப்புப் பயிற்சியும் வேறு குழுக்களின் கீழ் இருந்தது. உதவி சுருங்கச் சுருங்க விதியின் பிடியும் சுருங்கியது. 2015 நிதியாண்டோடு அந்த 15 சதவீத வாசகம் முடிந்தது.

கேட்காத கேள்வி

2010இல் வந்த அந்த 3 பிளாக் ஹாக்குகளைப் பெற்ற பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைவர் ஹெனாரோ கார்சியா லூனா. 2006 முதல் 2012 வரை அமைச்சர், மெரிடாவின் முதன்மைப் பங்காளி. அவரைப் பற்றி மெக்சிகோ பத்திரிகையாளர்கள் பதவிக் காலத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2019 டிசம்பரில் டல்லஸில் கைதானார். சினலோவா கும்பலிடம் கோடிக்கணக்கில் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக 2023 பிப்ரவரியில் புரூக்ளின் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2024 அக்டோபரில் 38 ஆண்டுகளுக்கு மேல் தண்டனை.

15 சதவீத விதியின் முதல் கேள்வி அவருடைய காவல்படையைப் பற்றியதுதான். பதில் சொல்லவும் நிறைய இருந்தது. 2009இல் புதிய காவல்படைச் சட்டம், பொய் கண்டறியும் சோதனைகள். 2010 ஆகஸ்டில் ஒரே மூச்சில் 3,200 பேர், கிட்டத்தட்ட படையின் பத்தில் ஒரு பங்கு, வேலையிலிருந்து நீக்கம். அறிக்கையில் எழுத இதைவிட நல்ல எண் கிடைக்குமா? கீழே இருப்பவர்களைச் சலிப்பது நடந்தது. சலிப்பவர் யார் என்று கேட்கும் வரி எந்தச் சட்டத்திலும் இல்லை. லீஹி சோதனை உரிமை மீறலைத் தேடும், லஞ்சத்தைத் தேடாது. பெறும் அமைச்சரின் சொத்து, தொடர்பு ஆகியவற்றைப் பற்றி உளவு அமைப்புகளிடம் இருந்த தகவலை ஒதுக்கீட்டுக் குழுவுக்கு மூடிய அறையிலாவது விளக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. 1997இல் குட்டியெரெஸ் ரெபோயோ விஷயம் வெடித்த பிறகும் எழுதவில்லை என்பதுதான் வேதனை.

இந்த ஓட்டையால் செத்தவர்கள் உண்டு. 2011 மார்ச்சில் கோவாவீலா மாநிலத்தின் அயேந்தே ஊரில் செட்டா கும்பல் குடும்பம் குடும்பமாக மக்களை அள்ளிக்கொண்டு போய்க் கொன்றது. அமெரிக்கப் போதை ஒழிப்பு முகமை, தான் பயிற்சி கொடுத்துச் சோதித்துச் சேர்த்த மெக்சிகோ காவல்துறைச் சிறப்புப் பிரிவுக்குத் தந்த ரகசியத் தகவல் கும்பலுக்குக் கசிந்ததே அதன் தொடக்கம். அந்தப் பிரிவு அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகத்தின் நிதியில் ஓடியது. 15 சதவீத விதி அதைத் தொடவே இல்லை. அதன் தளபதியாக இருந்த இவான் ரேயெஸ் அர்சாதே பின்னாளில் அமெரிக்க நீதிமன்றங்களில் தண்டனை பெற்றார்.

இப்படியொரு விதியை இன்று எழுத உட்காருபவர் நான்கைந்து இடங்களில் கை வைக்க வேண்டும். நிபந்தனையைத் திட்டத்தின் எந்தப் பைக்கும் பொதுவாக்க வேண்டும். பாதுகாப்புத் துறை, நீதித்துறை வழிகளையும் சேர்த்து. 'முன்னேற்றம்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டு, பெயருள்ள மசோதா, எண்ணுள்ள வழக்குகள் என்று கேட்க வேண்டும். ஒப்படைப்பு ஆவணத்தில் பெறும் பிரிவு இல்லாவிட்டால் பொருள் கிளம்பக்கூடாது. மூன்றாண்டுப் பராமரிப்புச் செலவுக்கு யார் பொறுப்பு என்பது ஒப்புக்கடிதத்திலேயே இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுப் பெறும் தலைமை அதிகாரியைப் பற்றி ஆண்டுக்கொருமுறை ரகசிய விளக்கம் வேண்டும். பிடித்து வைக்கும் பங்கு, மற்ற நாடு 'வேண்டாம் போ' என்று சொல்லும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கக்கூடாது, சில மாதத்தில் மறந்துபோகும் அளவுக்குச் சிறிதாகவும் இருக்கக்கூடாது. இந்தக் கடைசி அளவு நாட்டுக்கு நாடு மாறும். தன் பாதுகாப்புக்குத் தானே பல மடங்கு செலவழிக்கும் மெக்சிகோவுக்கு 50 லட்சம் டாலர் வலிக்கவில்லை.

2020 அக்டோபரில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜெனரல் சால்வதோர் சியென்ஃபுவேகோஸ் லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையத்தில் கைதாகி, ஒரே மாதத்தில் வழக்கு வாபஸாகித் திருப்பி அனுப்பப்பட்டார். டிசம்பரில் மெக்சிகோ நாடாளுமன்றம், வெளிநாட்டு முகவர்கள் தாங்கள் திரட்டும் தகவலை மெக்சிகோ அரசிடம் பகிர வேண்டும் என்று சட்டம் போட்டது. மெரிடாவில் ஓட்டுப் போட வாய்ப்பே கிடைக்காத சபை, இந்த முறை ஓட்டுப் போட்டது. 2021 அக்டோபர் 8 அன்று மெரிடாவின் இடத்தில் இருநூற்றாண்டு ஏற்பாடு என்ற புதிய ஒப்பந்தம் வந்தது.